சவட்டினாலும் வலிக்காத வண்டி: ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரை நீங்களே சோதிக்க

ஓடிக்கொண்டிருக்கும்போதே செக் லைட் எரிகிறது. எவ்வளவு சவட்டினாலும் வண்டி வலிக்கவில்லை. பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. ஓரங்கட்டி, சாவியை அணைத்து, திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இரண்டு நாள் போனால் மறுபடியும் அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "பெடல் சென்சார் போச்சு, முழு பெடலையும் மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

போயிருக்கலாம். ஆனால் பெடல்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வருடம் முழுக்க உப்புக்காற்று. மேற்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வீடு இருந்தால் எலி. இவை மூன்றும் கெடுப்பது கப்ளரையும் எர்த்தையும் வயரையும்தான். அவற்றைப் பார்த்து முடிக்காமல் புதுப் பெடலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

## தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

பழைய மாருதி 800-ல் பெடலைச் சவட்டினால் ஒரு கேபிள் போய் கார்புரேட்டரை இழுக்கும். இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலோடு சேர்ந்த சென்சார், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வோல்ட் கணக்கில் என்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.எம்.முக்குச் சொல்லும். மீதியை ஈ.சி.எம். பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சென்சாருக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு 5 வோல்ட் சப்ளை, ஒரு எர்த், ஒரு சிக்னல். ஆகப் பெரும்பாலான வண்டிகளில் கப்ளரில் 6 வயர் வரும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள் போல. சாட்சியங்கள் ஒத்துப்போகாவிட்டால் ஈ.சி.எம். இருவரையுமே நம்பாமல், வண்டியை ஊர்ந்து போகும் அளவுக்கு மட்டும் விடும். லிம்ப் மோடு என்பது இதுதான்.

சில வண்டிகளில் பெடலிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் கிளம்பி, என்ஜின் அறையிலுள்ள சென்சாரை இழுக்கும். கேபிளைப் பார்த்ததும் "நம்ம வண்டியில் சென்சாரே இல்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

## முதலில் பாதுகாப்பு

சாலையில் இருக்கும்போது:

1. வண்டி திடீரென்று வலிக்காமல் போனால் ஹசார்டு விளக்கைப் போட்டு இடதுபுறம் ஒதுங்குங்கள். களியக்காவிளை–நாகர்கோவில் சாலையில் பல இடங்களில் ஒதுங்கவே ஓரம் இருக்காது. நடுவில் நிறுத்தாமல், ஊர்ந்தாவது அடுத்த அகலமான இடம்வரை போய்விடுங்கள்.
2. இதற்கு நேர்மாறாக, பெடல் அழுந்தியே நின்று வண்டி பாய்ந்தால்: பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு அடித்தால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜின் அலறட்டும், பரவாயில்லை. வண்டி நின்ற பிறகுதான் சாவியை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் சோதிக்கும்போது:

1. சமதளம், ஹேண்ட் பிரேக், நியூட்ரல், டயருக்கு முன்னும் பின்னும் கல்.
2. பேட்டரி சோதனை தவிர, இந்த அத்தியாயத்தில் வரும் வோல்ட் சோதனைகள் எல்லாமே சாவி ஆன், என்ஜின் ஆஃப் நிலையில்தான். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளச், பிரேக் எதையும் தொடாமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் இந்த நிலை வரும்.
3. கப்ளரைக் கழற்றும்முன் சாவியை அணைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள்.
4. ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. கை வைக்கக் கூடாது.
5. டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் பார்க்க அது நல்ல கருவி. 5 வோல்ட் வயரில் மாட்டினால் அந்தப் பல்பு இழுக்கும் கரண்டை ஈ.சி.எம். தாங்காமல் போகலாம். இங்கே மல்டிமீட்டர் மட்டுமே.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், படி 4 வரை பார்த்து எழுதிவைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். நீங்கள் கப்ளரைத் திறந்த தடத்தைக் காட்டியே வாரண்டியை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

## கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 'மின்–மேக்ஸ்' வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. கப்ளரின் பின்பக்கம் வழியாக நுழைக்க மெல்லிய ஊசிமுனைகள். செல்போனோடு புளூடூத்தில் பேசும் ஓ.பி.டி. அடாப்டர், லைவ் டேட்டா காட்டும் ஓர் ஆப். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. டார்ச். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. 2013-க்குப் பிறகு வந்த கார்களில் டாஷ்போர்டின் அடியில், டிரைவர் முழங்கால் பக்கமாக, 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டு விட்டு வரும் கோளாறில், எப்போது வந்தது, மழையா வெயிலா, ஏ.சி. ஓடியதா, எந்தக் குழியில் இறங்கியது என்று எழுதிய நாலு வரி ஸ்கேனரைவிட அதிகம் சொல்லும்.

## படி 1: இது பெடல் கோளாறுதானா?

கோளாறு இருக்கும் நேரத்திலேயே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பாருங்கள்.

ஆர்.பி.எம். ஏறவே இல்லை, அல்லது ஓரளவோடு நின்றுவிடுகிறது என்றால் பெடல் சுற்றைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் தாராளமாக ஏறி, ஏற்றத்திலும் பாரத்திலும் மட்டும் வலிக்கவில்லை என்றால் டீசல் ஃபில்டர், டர்போ குழாய், கிளச் பக்கம் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணறு பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆரல்வாய்மொழி கணவாயின் எதிர்க்காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? தோவாளை தாண்டியதும் வண்டி தானாகச் சரியாகிவிட்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

## படி 2: மிதியடியும் பெடலும்

சிரிக்க வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று நிற்காமல் பாய்ந்து நால்வர் இறந்தார்கள். வேறொரு மாடலுக்குரிய தடித்த ரப்பர் மேட் அதில் போடப்பட்டிருந்தது. பெடல் அதில் சிக்கிக்கொண்டது. அதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மேட் ஒரு காரணம், விட்டாலும் மெதுவாகவே மேலே வரும் பெடல் இன்னொரு காரணம். நம் ஊரில் கம்பெனி மேட்டின் மேலேயே தும்பு மிதியடி, அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு என்று மூன்றடுக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1. மேட்டை எல்லாம் எடுத்து வெளியே போடுங்கள்.
2. சாவி ஆஃப் நிலையில் பெடலைக் கையால் முழுவதும் அழுத்தி விடுங்கள். உடனே, ஒரே சீராக மேலே வர வேண்டும்.
3. நொறுநொறு என்று சத்தம் கேட்டால் மணல். சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் கால் நனைத்துவிட்டு அப்படியே ஏறி ஓட்டுவதன் பலன் இது. ஈரமில்லாத பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெயும் கூடாது, எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
4. கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். மழையே இல்லாமல் ஈரமாக இருந்தால் ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். பெடல் தரையோடு கீல் வைத்துப் பொருத்தப்பட்ட வகையாக இருந்தால் இந்த ஈரம் நேராகச் சென்சாருக்கே போகும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2021 நவம்பரில் இந்த மாவட்டத்தில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அதன்பின் கைமாறியிருக்கும். கம்பளத்தைத் தூக்கி அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

## படி 3: பிரேக் விளக்கும் பேட்டரியும்

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில் அழுந்தினால் பல வண்டிகளில் ஈ.சி.எம். பிரேக்கின் பேச்சைத்தான் கேட்கும். எனவே பிரேக் ஸ்விட்ச் கெட்டு 'அழுத்தியே இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தால், நல்ல பெடலும் வேலை செய்யாததுபோல் தோன்றும். இரவில் வண்டியைச் சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, பிரேக்கை அழுத்தி விடுங்கள். சிவப்பு வெளிச்சம் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்த ஸ்விட்ச்தான். விலையும் பெடலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

பேட்டரி, என்ஜின் ஆஃபில் 12.4 வோல்ட்டுக்கு மேலும், என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரையும் இருக்கட்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு மேலே போங்கள்.

## படி 4: கோளாறுக் குறியீட்டை (கோடை) படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்கேனரை மாட்டியதும் 'கிளியர்' பட்டனை அழுத்துவது நிறையப் பேருக்குப் பழக்கமாகிவிட்டது. அழித்தால் கோளாறு வந்த நேரத்து விவரமும் சேர்ந்து போய்விடும். முதலில் எழுதுங்கள், அல்லது திரையைப் படம் பிடியுங்கள்.

- பி2122: முதல் சிக்னல் அளவுக்குக் கீழே. வயர் அறுந்தது, எர்த்தில் உரசுகிறது, அல்லது 5 வோல்ட் வரவில்லை.
- பி2123: முதல் சிக்னல் அளவுக்கு மேலே. 5 வோல்ட்டோடு உரசுகிறது, அல்லது எர்த் விட்டுப்போயிருக்கிறது.
- பி2127, பி2128: இதே இரண்டும் இரண்டாவது சிக்னலுக்கு.
- பி2138: இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை.
- பி0641, பி0651: ஈ.சி.எம். கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே பிரச்சினை.
- பி2135: பெரும்பாலும் இது பெடலில் இல்லை; என்ஜின் பக்கமுள்ள த்ராட்டில் பாடியின் சென்சார்கள். பி2138-ஐயும் இதையும் குழப்பிக்கொண்டு பெடலை மாற்றுவதுதான் இந்த வேலையில் மிக வீணான செலவு.

இரண்டு சிக்னலுக்கும் ஒரே நேரத்தில் 'கீழே' என்று வந்தால் யோசியுங்கள். தனித்தனியாக இருக்கும் இரண்டு சென்சாரும் ஒரே நொடியில் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கப்ளரும் வயர்க்கட்டும்தான்.

## படி 5: லைவ் டேட்டா

ஆப்பில் 'ஆக்சிலரேட்டர் பெடல் பொசிஷன்' டி, ஈ என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் வரைபடமாக வைத்துக்கொண்டு, பெடலை மேலிருந்து கீழ்வரை பத்து விநாடி எடுத்துப் பைய அழுத்துங்கள். அதே நிதானத்தில் விடுங்கள். இரண்டு கோடும் குலுங்காமல் ஏறி இறங்க வேண்டும்.

குறிப்பு: விட்ட நிலையில் 0 சதவீதமும் முழுதாக அழுத்தினால் 100 சதவீதமும் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் 15-ல் தொடங்கி 80-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆப் பெரும்பாலும் காட்டுவது 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்பதைத்தான்.

## படி 6: கப்ளர்

இந்த மாவட்டத்தில் நிதானமாக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

1. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.
2. கப்ளரின் பூட்டை விரலால் அழுத்தி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.
3. டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். பச்சைக் களிம்பா, வெள்ளைத் தூளா, கருத்திருக்கிறதா? ஒரு பின் மட்டும் உள்ளே தள்ளிப் போயிருக்கிறதா?
4. பெண் பக்கத்துப் பின்கள் விரிந்து தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு யாரோ மீட்டர் முனையைக் குத்தி அகலப்படுத்தியிருப்பார்கள். நீங்களும் அதையே செய்துவிடாதீர்கள்.
5. கான்டாக்ட் கிளீனரை அடித்து, காய விட்டு, இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்துக்குள் களிம்பு இரட்டிப்பாக வரும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது.
6. கப்ளரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இருக்கிறதா? இல்லை என்றால் உப்புக்காற்று உள்ளே வர வழி திறந்தே கிடக்கிறது.

சுத்தம் செய்து மாட்டிய பின் கோளாறு வராமல் நின்றால், ஒரு மழைக்காலம் முழுவதும் போகட்டும். அதுவரை வேறு எதையும் வாங்க வேண்டாம்.

## படி 7: சப்ளையும் எர்த்தும்

கப்ளரை மாட்டி, நெகட்டிவையும் மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். எந்த வயர் எது என்பதை உங்கள் மாடலின் வயரிங் படத்தில் பாருங்கள். நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். ஊசிமுனையைக் கப்ளரின் பின்பக்கம், வயர் நுழையும் இடத்தில் செருகுங்கள். வயரின் உறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். கடற்கரை ஊரில் அந்த ஊசித்துளை போதும், செம்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப் போக.

1. மீட்டரின் கறுப்பு பேட்டரி நெகட்டிவில், சிவப்பு சப்ளை வயரில்: 4.8 முதல் 5.2 வோல்ட். இரண்டு சப்ளையையும் தனித்தனியாகப் பாருங்கள்.
2. சிவப்பை எர்த் வயருக்கு மாற்றுங்கள்: கிட்டத்தட்ட பூஜ்யம். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வழியில் களிம்பு. இந்தச் சோதனையை விட்டுவிடுவதால்தான் 'புதுப் பெடல், பழைய கோளாறு' வருகிறது.
3. சப்ளை 5 வோல்ட்டுக்கு மிகக் குறைவாக இருந்தால் ஈ.சி.எம். போய்விட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் அதே 5 வோல்ட் ஏ.சி. பிரஷர் சென்சாருக்கும் வேறு சிலவற்றுக்கும் போகிறது. சாவியை அணைத்து ஒவ்வொரு சென்சாரின் கப்ளராகக் கழற்றி, சாவி போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, குற்றவாளி அதுதான்.

## படி 8: இரண்டு சிக்னலும் சேர்ந்து நடக்கின்றனவா?

நிறைய வண்டிகளில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் சரிபாதி. அப்படிப்பட்ட வண்டியில் ஏறத்தாழ இப்படி வரும்:

- விட்ட நிலை: 0.76 / 0.38 வோல்ட்
- கால் பங்கு: 1.50 / 0.75
- பாதி: 2.30 / 1.15
- முழு அழுத்தம்: 3.80 / 1.90

வேறு சில வண்டிகளில், டொயோட்டாவில் குறிப்பாக, பாதிக் கணக்கு இல்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 வோல்ட் இடைவெளி கூடவே வரும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைச் சர்வீஸ் மேனுவல் சொல்லும். சில புது வண்டிகளில் ஒரு சிக்னல் டிஜிட்டலாக இருக்கும். அங்கே மல்டிமீட்டருக்கு வேலையில்லை, படி 5-ஐத்தான் நம்ப வேண்டும்.

பார்க்க வேண்டியவை:

1. எந்த இடத்திலாவது கணக்கு தப்புகிறதா? பாதியில் 2.30-க்கு 0.90 என்று வந்தால் இரண்டாவது சென்சார் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் வயரில் தடை.
2. தேய்மானம் பெரும்பாலும் பெடல் பயணத்தின் தொடக்கத்தில்தான். ஊர் ஓட்டத்தில் கால் அங்கேயே கிடக்கும். முதல் கால் பங்கை இன்னும் மெதுவாக, இரண்டு முறை பாருங்கள். உரசல் இல்லாத ஹால் வகைச் சென்சாரில் இந்தத் தேய்மானம் வராது.
3. வேறுபட வேண்டிய இரண்டு சிக்னலும் ஒரே வோல்ட்டைக் காட்டுகின்றனவா? அப்படியானால் இரண்டும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. டொயோட்டா விவகாரத்தை ஆராய்ந்த நாசா, 2011 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில் இதைத்தான் ஒரு பெடலில் கண்டது: தகரப் பூச்சிலிருந்து தானாக வளர்ந்த, முடியைவிட மெல்லிய இழை ஒன்று சென்சாருக்குள் இரண்டு சிக்னலையும் இணைத்துவிட்டிருந்தது. வண்டிகள் தானாகப் பெருவேகத்தில் பாய்வதற்கு எலெக்ட்ரானிக் காரணம் எதையும் அந்த ஆய்வு கண்டுபிடிக்கவில்லை.

மீட்டர் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும்; கண்ணிமைக்கும் நேரத் துண்டிப்பு அதில் தெரியாது. 'மின்–மேக்ஸ்' போட்டுவிட்டு அழுத்துங்கள்.

ஓம்ஸ் அளவில் வைத்து இந்தச் சென்சாரைச் சோதிக்காதீர்கள். ஹால் வகையில் வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

## படி 9: ஆட்டிப் பாருங்கள்

இன்னொருவரை லைவ் டேட்டாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பெடலைத் தொடாமல், கப்ளரிலிருந்து வயர்க்கட்டு போகும் வழியெல்லாம் மெல்ல ஆட்டுங்கள். வயர்கள் ஃபயர்வாலைத் துளைத்து என்ஜின் அறைக்குள் நுழையும் ரப்பர் வளையம், ஈ.சி.எம். கப்ளர், பேட்டரி தட்டின் அடி. எங்கே ஆட்டும்போது வரைபடக் கோடு குதிக்கிறதோ அங்கே வயர்க்கட்டின் உறையைப் பிரித்துப் பாருங்கள். எலி கடித்த இடத்தில் புழுக்கையும் தேங்காய்ச் சகிரியும் கிடக்கும், தேடவே வேண்டாம். ஒட்டும்போது வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

## பெடலை மாற்றத்தான் வேண்டும் என்றால்

சப்ளை, எர்த், கப்ளர், வயர் எல்லாம் சரி, சிக்னல் மட்டும் தப்புகிறது என்றால் பெடலை மாற்றுங்கள். பெரும்பாலும் சென்சார் தனியாக விற்பனைக்கு வராது. பழையதைக் கழற்றி அதிலுள்ள பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு வேறு பெடல் இருக்கலாம். உடைத்த வண்டியின் பெடலை வாங்குவதாக இருந்தால், கடலோர வண்டியா என்று கேளுங்கள். கேட்டால் உண்மை சொல்ல மாட்டார்கள்தான். பின்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1. நெகட்டிவைக் கழற்றி, இரண்டு அல்லது மூன்று நட்டுகளை எடுத்து, புதியதைப் பொருத்துங்கள்.
2. நெகட்டிவை மாட்டியதும், பெடலைத் தொடாமல் சாவியை ஆன் செய்து சிறிது நேரம் விடுங்கள். விட்ட நிலை எது என்று ஈ.சி.எம். அப்போது குறித்துக்கொள்ளும். சில வண்டிகளில் இதை ஸ்கேனர் வழியாகத்தான் செய்ய முடியும், மேனுவலைப் பாருங்கள்.
3. கோடை இப்போது அழியுங்கள்.
4. படி 8-ஐ மறுபடி செய்து எண்களை நோட்டில் எழுதுங்கள்.
5. ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் முதல் ஓட்டம். மலையேற்றமோ மார்த்தாண்டம் மேம்பாலமோ அன்றைக்கு வேண்டாம்.
6. இரண்டு மூன்று நாள் ஓட்டிய பின் ஸ்கேனரை மாட்டி, காத்திருப்பில் ஏதாவது கோடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பி2138 திரும்ப வந்திருந்தால் படி 7-இன் இரண்டாவது சோதனைக்குப் போங்கள். அதுவும் சரியாக இருந்தால், ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியையும் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.